யூத் என்பவர் யார்

ஆங்கிலத்தில் 'யூத்' என்ற பெயர்ச்சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. ஒருவர் வாழ்நாளில் கடந்துவரும் இளமைப் பருவம் ஒன்று. ஒரு நாட்டிலோ ஊரிலோ உள்ள இளையோர் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் தொகுதி இன்னொன்று. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தனி ஓர் இளைஞன் மூன்றாவது. தமிழில் இவற்றுக்கு இளமை, இளைய தலைமுறை, இளைஞன் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, வேறுபாடு காட்டும் வேலையை இலக்கணத்திடம் ஒப்படைத்திருக்கிறது. சொல்லுக்கு முன் எந்தச் சுட்டு வருகிறது, பின்னால் பன்மை விகுதி உண்டா, வினை ஒருமையா பன்மையா என்பவற்றைக் கொண்டே வாசிப்பவர் பொருளைப் பிரித்தறிகிறார். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும் செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆய்வு மாணவரும் இடறும் இடம் இது. அந்த இடறல் வெறும் விகுதிப் பிழையாக முடிந்துவிட்டால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. எழுதப்படுகிற மனிதரின் பால், வயது, அவர்மேல் விழும் சந்தேகம் எல்லாமே இந்தச் சிறு சொல்லின் வடிவத்தைப் பொறுத்து மாறுகின்றன.

பருவத்தைக் குறிக்கும்போது சிக்கல் குறைவு. அப்போது அது எண்ணிக்கைக்குள் வராத பெயர். பொறுமை, நேர்மை போன்றவற்றின் இனம். பத்துப் பேருடைய இளமையைப் பற்றிப் பேசினாலும் பன்மை விகுதி சேராது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எழுபது வயது மூதாட்டி ஒருவர் இளமையில் நாடகங்களில் நடித்தார் என்று சொல்ல 'இன் ஹெர் யூத்' என்பதே இயல்பான தொடர். தமிழில் 'இளமை'யும் இப்படியே நடப்பதால் தமிழர் இங்கே தவறுவது அரிது. தமிழ்ப் பேச்சு வழக்கு இந்தப் பொருளைச் சற்று நகர்த்தி, 'இன்னும் யூத்தாத்தான் இருக்கார்' என்று ஆளின் தன்மையைச் சொல்லும் சொல்லாக ஆக்கிக்கொண்டது. 2002-இல் விஜய் நடித்து வெளிவந்த ஒரு திரைப்படத்துக்கே 'யூத்' என்று பெயர் வைக்கும் அளவுக்கு அச்சொல் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹி இஸ் ஸ்டில் யூத்' என்பது வாக்கியமே ஆகாது. அங்கே 'யங்' அல்லது 'யூத்ஃபுல்' என்ற பெயரடை வேண்டும்.

தொகுதிப் பொருளில்தான் முதல் இடறல். 'தி யூத் ஆஃப் இந்தியா' என்றால் இந்தியாவின் இளையோர் அனைவரும். ஆயிரமானாலும் கோடியானாலும் இங்கே சொல் விகுதி ஏற்காது. பன்மை அதற்குள்ளேயே இருக்கிறது. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் கல்லூரி ஆண்டு மலரிலும் இது 'தி யூத்ஸ் ஆஃப் இந்தியா' என்று வருவதற்குக் காரணம் எளிது. மனத்தில் 'இந்திய இளைஞர்கள்' என்ற தொடர் ஓடுகிறது. 'கள்' இருக்கும் இடத்தில் 'ஸ்' வைக்கப்படுகிறது. ஆங்கிலக் காதுக்கு இது தலைமுறையைப் பற்றிய பேச்சாகக் கேட்பதில்லை, இந்தியாவில் திரியும் பையன்களை ஒவ்வொருவராக எண்ணுவதுபோல் கேட்கிறது. வினையைப் பொறுத்தவரை இரண்டு வழியும் திறந்திருக்கின்றன. பிரித்தானிய வழக்கு தொகுதிப் பெயர்களுக்குப் பன்மை வினையைத் தாராளமாக ஏற்கும். ஒருமை வினையும் தவறன்று. முதல் பத்தியில் ஒருமை, அடுத்த பத்தியில் பன்மை என்று ஒரே கட்டுரைக்குள் தாவுவதுதான் குறை.

தொகுதிப் பொருளில் இன்னொரு பொறியும் உண்டு. 'தி யூத் வாஸ் ஆங்க்ரி' என்ற வாக்கியத்தில் கோபம் கொண்டவர் யார்? முன்னால் சொல்லப்பட்ட ஒரு பையனா, நாட்டின் இளைய தலைமுறையா? வாக்கியம் பதில் தராது. நல்ல பதிப்பாசிரியர் இத்தகைய இடத்தில் சொல்லையே மாற்றிவிடுவார். ஒருவனென்றால் 'யங் மேன்', பலரென்றால் 'யங் பீப்பிள்'.

வேறொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போதும் இது விகுதி ஏற்பதில்லை. யூத் கிளப், யூத் விங், யூத் ஹாஸ்டல் எல்லாம் அப்படி அமைந்தவை. கடைசியாகச் சொன்னது ஜெர்மன் மொழியிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், நடைபயணம் போகும் மாணவர் தங்குவதற்காக 1912-இல் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய விடுதியின் பெயரே ஆங்கிலத்துக்குப் பெயர்ந்தது. தமிழிலும் 'இளைஞர் அணி', 'இளைஞர் விடுதி' என்றே எழுதுகிறோம். 'இளைஞர்கள் அணி' என்று யாரும் பலகை வைப்பதில்லை. இந்த ஓர் இடத்தில் இரு மொழிகளின் உணர்வும் ஒன்றாகவே இருக்கிறது.

மூன்றாவது பொருள், தனி ஆள். இங்கே சொல் எண்ணிக்கைக்குள் வருகிறது: 'எ யூத்', 'த்ரீ யூத்ஸ்'. உச்சரிப்பும் மாறுகிறது. ஒருமையில் கடைசி மெய் மூச்சொலியாக நிற்கும். பன்மையில் பெரும்பாலோர் அதைக் குரலொலியாக்கி, அதோடு 'ஸ்'ஸையும் அதிரவிட்டுச் சொல்வார்கள். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் கேட்டுத்தான் பழக வேண்டும். ஒலியைவிட முக்கியமானது பால். எண்ணத்தக்க 'யூத்' ஏறக்குறைய எப்போதும் ஆண். ஆங்கில அகராதிகள் இந்தப் பொருளுக்கு 'இளம் ஆண்' என்றே விளக்கம் தருகின்றன. பத்தொன்பது வயதுப் பெண் ஒருவரை 'எ யூத்' என்று எழுதினால் வாசிப்பவர் ஆணென்றே எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் 'ஷி' வரும்போது திகைத்து நிற்பார். பருவமாகவும் தொகுதியாகவும் இருக்கும்போது பெண்களுக்கும் இடம் கொடுக்கிற சொல், எண்ணத் தொடங்கியதும் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

இது சொல்லின் வரலாற்றிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூத்த வடிவம் பருவத்தையும் தொகுதியையுமே குறித்தது. 'பியோவுல்ஃப்' காப்பியத்தில் அரசனின் அவையில் இருப்போர் இரு திறத்தார்: அனுபவம் மிக்க முதுவீரர், இன்னும் தம்மை நிரூபிக்காத இளவீரர். இரண்டாம் திறத்தாருக்குரிய பெயர் இந்தச் சொல்தான். தனி ஒருவனைக் குறிக்கும் பொருள் இடைக்கால ஆங்கிலத்தில்தான் தலைகாட்டுகிறது. போர்க்குழுவில் இருந்த இளையோர் ஆண்கள் என்பதால், தொகுதியிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்தபோது அவர் ஆணாகவே வெளிவந்தார் என்று கொள்வதில் தவறில்லை. 'யங்', 'ஜூனியர்', 'ஜுவனைல்', வடமொழி வழியே தமிழுக்கு வந்த யுவன், யுவதி, யௌவனம் ஆகிய எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. யுவதி என்று பெண்ணுக்குத் தனிச் சொல் வைத்திருக்கும் வசதி ஆங்கிலக் கிளைக்கு வாய்க்கவில்லை.

இந்திய ஆங்கிலத்தில் அந்தச் சாய்வைச் சட்டமும் உறுதிப்படுத்தியது. 1897-ஆம் ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் 'யூத்ஃபுல் அஃபெண்டர்' என்ற தொடரை வரையறுத்தபோது, பதினைந்து வயதுக்கு உட்பட்ட, தண்டனை பெற்ற ஆண் பிள்ளை என்றே வரையறுத்தது. பெண் பிள்ளை அந்த வரையறைக்குள் இல்லை. இளமையும் குற்றமும் ஆண்பாலும் ஒரே தொடரில் கட்டப்பட்ட காலம் அது. இன்றைய ஆங்கில நாளேடுகளின் நகரச் செய்திப் பக்கத்தைப் பார்த்தால் அந்தக் கட்டு அவிழவே இல்லை என்று தெரியும். இருசக்கர வண்டியில் சங்கிலி பறித்தவர், காவலரோடு வாய்த்தகராறு செய்தவர், ஆற்றில் மூழ்கியவர் எல்லாரும் 'யூத்'. அதே வயதில் போட்டித் தேர்வில் வென்றவர் 'யூத்' ஆவது குறைவு. அவர் 'ஸ்டூடண்ட்' அல்லது 'கேண்டிடேட்'. தலைப்பில் இடம் குறைவு, ஐந்தெழுத்துச் சொல் வசதி என்பது உண்மைதான். வசதிக்காக எடுத்த சொல் நாளடைவில் ஒரு முகத்தைப் பெற்றுவிட்டது என்பதும் உண்மை.

தமிழ் நாளேடுகளின் 'வாலிபர்' இதற்கு நேர் இணை. 'வாலிபர் கைது', 'வாலிபர் பலி' என்று படித்துப் படித்து, அச்சொல்லைக் கண்டதும் விபத்தையோ வழக்கையோ எதிர்பார்க்கும் பழக்கம் வாசகருக்கு வந்துவிட்டது. பெண்ணென்றால் 'இளம்பெண்', 'வாலிபி' என்று ஒரு சொல் இல்லை. அதே 'வாலிபர்' இயக்கப் பெயரில் ஏறும்போது மதிப்போடு நிமிர்கிறது: 1980-இல் தொடங்கப்பட்ட இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'யூத்'. 1959-இல் தோன்றிய அனைத்திந்திய இளைஞர் பெருமன்றத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே 'யூத்'. ஆங்கிலச் சொல் ஒன்று, தமிழ்ச் சொல் இரண்டு. 'விடலை'யின் கதை இன்னும் கூர்மையானது. சங்க அகப்பாடல்களில் தலைவியை உடன்அழைத்துப் பாலைவழி செல்லும் தலைவன் விடலை. இன்று 'விடலைப் பசங்க' என்றால் தெருமுனையில் நிற்கும் பொறுப்பற்ற கூட்டம். இளம் ஆணைத் தனியே சுட்டும் சொல் காலப்போக்கில் சந்தேகத்தின் நிறத்தை ஏற்பது ஒரு மொழிக்கு மட்டும் நேர்ந்ததன்று.

அந்த நிறம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வழக்கைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1989 ஏப்ரலில் அந்தப் பூங்காவில் ஓட்டப் பயிற்சி செய்த பெண் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கைதாகி, பின்னர் தண்டிக்கப்பட்ட ஐவரும் 14 முதல் 16 வயதுள்ள கறுப்பின, லத்தீன இனப் பிள்ளைகள். நகரின் ஏடுகள் அவர்களை 'யூத்ஸ்' என்று பன்மையில் எழுதின. 'ஓநாய்க் கூட்டம்' என்றும் எழுதின. 'பாய்ஸ்' என்று எழுதியிருந்தால் வாசிப்பவர் மனத்தில் பள்ளிப் பை தோளில் தொங்கும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். 2002-இல் உண்மையான குற்றவாளியின் ஒப்புதலும் மரபணுச் சோதனையும் ஒத்துப்போக, ஐவர் மீதான தீர்ப்புகளும் நீக்கப்பட்டன. சொல் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் வயதை ஒரு சொல்லால் கூட்டிக் காட்ட முடியும் என்பதற்கு அந்த நாட்களின் செய்தித்தாள்கள் சாட்சி.

இலங்கையிலும் இதைக் காணலாம். 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின், ஆங்கிலச் செய்திகளில் 'தமிழ் யூத்ஸ்' என்ற தொடர் கைது, தடுப்புக்காவல், காணாமற்போதல் ஆகியவற்றோடு சேர்ந்தே வந்தது. ஆணென்றும் இளையவனென்றும் தமிழனென்றும் மட்டும் சொல்லி, பெயரும் வயதும் படிப்பும் தொழிலும் சொல்லாமல் விடுவதற்கு அந்தப் பன்மை இடம் கொடுத்தது. அதே தீவில் அதே சொல்லுக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. 1920-களில் எழுந்து, 1931-இல் அரசுப் பேரவைத் தேர்தலைப் புறக்கணிக்க வைத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஆங்கிலப் பெயரும் 'யூத்' என்றே இருந்தது. காந்தியத்தால் ஈர்க்கப்பட்டு, முழுத் தன்னாட்சி கேட்டு, சாதி வேறுபாட்டை எதிர்த்த இயக்கம் அது. விகுதியில்லாத 'யூத்' அங்கே ஒரு கொடி. அரை நூற்றாண்டு கழித்து விகுதி சேர்ந்த 'யூத்ஸ்' ஒரு பட்டியல்.

அமெரிக்க சமூகப்பணித் துறை இந்தச் சிக்கலிலிருந்து விலக ஒரு வழி கண்டிருக்கிறது. வீடற்ற இளையோர், காப்பகத்தில் வளரும் இளையோர் ஆகியோரைப் பற்றிய அறிக்கைகளில் 'ஃபைவ் யூத்' என்று விகுதி இல்லாமலே எண்ணுகிறார்கள். 'எ யூத்' என்று பெண்ணையும் சொல்கிறார்கள். பாலையும் சந்தேகத்தையும் ஒருசேரக் கழற்றும் நல்ல நோக்கம் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளிலும் இந்த வழக்கு வந்துவிட்டது. அந்தத் துறைக்குள் எழுதுபவர் இதைக் கையாளலாம். பொது வாசகருக்கு எழுதும்போது 'ஃபைவ் யூத்' அச்சுப்பிழை போலவே தெரியும்.

அடுத்தது வயது. இலக்கணத்தைச் சரியாக எழுதியவரும் தவறுவது இங்கே. ஐக்கிய நாடுகள் அவை 1985-ஐ உலக இளைஞர் ஆண்டாகக் கொண்டாடியபோது, புள்ளிவிவரத் தேவைக்காக 15 முதல் 24 வயது வரை உள்ளோரை 'யூத்' என்று கொண்டது. உறுப்பு நாடுகள் தத்தம் வரையறையை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நாடுகள் அப்படியே செய்தன. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கையில் வயது 13 முதல் 35. 2014-ஆம் ஆண்டுக் கொள்கையில் 15 முதல் 29; இந்த வயதினர் மக்கள்தொகையில் 27.5 விழுக்காடு என்று அக்கொள்கையே குறிப்பிடுகிறது. பதினோரு ஆண்டு இடைவெளியில், யாருக்கும் வயது குறையாமலும் கூடாமலும், காகிதத்தில் கோடிக்கணக்கானோர் 'யூத்' என்ற பெயரை இழந்தார்கள். இரண்டு ஆவணங்களின் எண்களையும் எடுத்து அருகருகே வைத்து, 'இந்தியாவில் இளைஞர் எண்ணிக்கை சரிவு' என்று ஒருவர் எழுதினால், அந்தச் சரிவு வரையறையில் நடந்தது, வீடுகளில் நடந்ததன்று. எண்ணோடு வயது வரம்பையும் எழுதாத கட்டுரையை நம்பக் கூடாது.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இளைஞர் சாசனம் 15 முதல் 35 வரை போகிறது. தென்னாப்பிரிக்கா 1996-இல் தேசிய இளைஞர் ஆணையத்தை அமைத்த சட்டத்தில் 14 முதல் 35 என்று வைத்தது. முப்பத்தைந்து வயதானவரை இளைஞர் என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். நிறவெறி ஆட்சியில் படிப்பையும் வேலையையும் இளமையையும் பறிகொடுத்தவர்கள் விடுதலை கிடைத்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களை வரம்புக்கு வெளியே விட்டால் அரசின் உதவி அவர்களுக்குக் கிடைக்காது. வயதெல்லை என்பது உயிரியல் கணக்கென்று எண்ணுவோர் இந்த எடுத்துக்காட்டை மறக்கக் கூடாது; யாருக்கு என்ன சேர வேண்டும் என்ற கேள்விக்கான விடையாகவே அது பெரும்பாலும் வரையப்படுகிறது. எதிர்த்திசையில், அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு நெடுங்காலமாகச் சொல்லிவந்தது மிகக் குறுகிய வரம்பு: 13 வயதிலிருந்து பதினெட்டாம் பிறந்தநாள் வரையே 'யூத்'; அதற்குமேல் 'மேன்', 'வுமன்'. அந்த விதியின்படி, இந்திய ஏடுகள் 'யூத்' என்று எழுதும் 27 வயதுக்காரர் முழு வளர்ச்சி பெற்ற ஆண்.

இந்தியச் சட்டம் தனி ஆளின் உரிமையைப் பேசும் இடங்களில் இந்தச் சொல்லையே நம்புவதில்லை. அங்கே வேலை செய்வது 'மைனர்', 'மேஜர்', 'சைல்ட்' ஆகியவை. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுநிறைவுச் சட்டம் 18 என்று எல்லை வைத்தது. நீதிமன்றத்தின் பாதுகாப்பிலோ கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்திலோ இருந்தவர்களுக்கு மட்டும் 21. அந்த விலக்கு 1999-இல்தான் நீங்கியது. ஜமீன் வாரிசுகள் பலர் இப்படி 21 வரை மைனராக இருந்ததும், சொத்தின் வருமானம் மட்டும் கையில் புரண்டதும் சேர்ந்துதான் தமிழில் 'மைனர்' என்பதற்கு உல்லாசப் பேர்வழி என்ற பொருளைத் தந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மைனர் செயின் அந்தப் பொருளின் மிச்சம். தமிழ்ச் செய்தியில் 'மைனர் பெண்' என்றால் சட்டப்பொருள், ஊர்ப்பேச்சில் 'மைனர்' என்றால் வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலாவது மட்டுமே செல்லும். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த அறுபத்தோராவது அரசமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. திருமணத்துக்கு இன்றும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இருபது வயது ஆண் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம், திருமணம் செய்துகொள்ள முடியாது. அவரை 'யூத்' என்று எழுதுவது இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

பக்கத்துச் சொற்களையும் பார்த்தால்தான் 'யூத்'தின் இடம் பிடிபடும். 'டீனேஜர்' எண்ணிலிருந்து பிறந்தது; ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரையான எண்களே 'டீன்' என்று முடிவதால் அந்த ஏழு ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை டீனேஜர் என்பது பிழை. 'அடலசன்ட்' மருத்துவமும் உளவியலும் வளர்த்த சொல். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இல் இரு தொகுதிகளாக எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. உலக சுகாதார நிறுவனத்துக்கு அடலசன்ட் என்றால் 10 முதல் 19 வரை. இந்தியக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 14 முடிந்து 18 முடியாதவர். 'யங்ஸ்டர்' இந்தியர் மிகத் தளர்வாகக் கையாளும் சொல். தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் இருபத்தைந்து வயதுப் பொறியாளர்கூட யங்ஸ்டர். பிரித்தானியரும் அமெரிக்கரும் அதைப் பெரும்பாலும் பிள்ளைகளுக்கே சொல்வார்கள்.

'ஜுவனைல்' என்ற சொல்லின் போக்கு 'யூத்'துக்கு ஒரு முன்னறிவிப்பு. 1899-இல் சிகாகோவில் உலகின் முதல் தனிச் சிறார் நீதிமன்றம் தொடங்கியபோது அது பரிவுச் சொல். பெரியவர்களோடு பிள்ளைகளை அடைக்கக் கூடாது என்ற இயக்கத்தின் அடையாளம். இந்தியாவில் அந்த வழியில் முதலில் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, ஆண்டு 1920. ஆனால் நூறாண்டுப் புழக்கத்தில் 'ஜுவனைல்' குற்றத்தின் நெடி ஏறிய சொல்லாகிவிட, இந்தியாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தலைப்பில் அதை வைத்துக்கொண்டாலும், பிள்ளையைக் குறிக்கும் இடங்களில் 'சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை' என்ற நீண்ட தொடருக்கு மாறியது. நீளமானது, ஆனால் நேர்மையானது. அதன் ஆங்கில வடிவில் முதலில் நிற்பது குழந்தை.

தொகுதிப் பெயராக வரும் 'யூத்'துக்குப் பெருமை அதிகம், பொறுப்பு குறைவு. மேடையில் 'தி யூத் மஸ்ட்' என்று தொடங்கும் வாக்கியம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஏனென்றால் அது யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. விவேகானந்தர் பிறந்த சனவரி 12 தேசிய இளைஞர் நாள். ஆகஸ்ட் 12 உலக இளைஞர் நாள். அந்த இரு நாட்களிலும் எழுதப்படும் தலையங்கங்களில் உழவு செய்யும் இளையோரும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்வோரும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவரும் ஒரே உருண்டையாக்கப்படுகிறார்கள். மாறாக, தென்னாப்பிரிக்காவில் ஜூன் 16-ஆம் நாளை இளைஞர் நாளாகக் கொள்ளும்போது, 'தி யூத்' என்பதற்குள் முகங்கள் இருக்கின்றன. 1976-இல் அந்நாளில் சொவேட்டோவில் ஆஃப்ரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போய்ச் சுடப்பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் செய்த செயல் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. செயலும் இடமும் காலமும் கூடவே வந்தால் தொகுதிப் பெயர் உயிரோடிருக்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவருக்கு மேலும் ஒரு கவனம் தேவை. 'இளைஞர்' என்பது மரியாதை ஒருமையும் ஆகும், பன்மையும் ஆகும், அடைமொழியும் ஆகும். 'இளைஞர் கைது' என்றால் ஒருவர். 'இளைஞர் நலன்' என்றால் எல்லாரும். மேலும் இலக்கணப்படி 'இளைஞர்' பலர்பால், இருபாலார்க்கும் உரியது. வழக்கில் ஆணின் பக்கம் சாய்ந்தது. 'இளைஞர்களும் இளம்பெண்களும்' என்று நாம் எழுதுவதே அதற்குச் சான்று. 'இளையோர்' அந்தச் சாய்வு இல்லாத சொல். 2017 சனவரியில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களில் இளம்பெண்கள் ஏராளம். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அதை 'இளைஞர்கள் திரண்டனர்' என்று தமிழில் எழுதி, 'யூத்ஸ் கேதர்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால், இரண்டு படியில் அந்தப் பெண்கள் செய்தியிலிருந்து மறைந்துபோவார்கள். 'யங் பீப்பிள்' என்று எழுதியிருந்தால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

சட்டம் எழுதுவோர் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சிறார் நீதிமன்றங்கள் 1992-இல் 'யூத் கோர்ட்' என்று பெயர் மாறின. ஆனால் அங்கே நிறுத்தப்படுபவரை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் 'சைல்ட்' என்றோ 'யங் பர்சன்' என்றோதான் அழைக்கிறது. கனடாவில் 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் தலைப்பில் 'யூத்' இருக்கிறது; உள்ளே, 12 முதல் 17 வயதுவரை உள்ள தனி ஒருவரைச் சொல்ல நேரும்போதெல்லாம் 'யங் பர்சன்'. நிறுவனத்துக்கும் துறைக்கும் 'யூத்', மனிதருக்கு 'பர்சன்'. ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. பருவத்துக்கும் தலைமுறைக்கும் அமைப்பின் பெயருக்கும் 'யூத்' இருக்கட்டும். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் ஆணா பெண்ணா என்பதையும், தெரிந்தால் வயதையும் எழுத வேண்டும். பதினாறு வயதென்றால் 'பாய்', 'கேர்ள்'. இருபத்துநான்கு என்றால் 'மேன்', 'வுமன்'. 'யூத்ஸ்' என்று தட்டச்சு செய்த கை ஒரு கணம் நின்று, அந்தப் பெயரின் கீழ் வரப்போகிறவர்களின் பெற்றோர் இதைப் படித்தால் தங்கள் பிள்ளையை இதில் அடையாளம் காண்பார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும்.